வீடியோவும் வியாபாரியும்: பாதியில் மூடிக்கொள்ளும் கம்ப்யூட்டருக்கு ஒரு வைத்தியம்



துவரம்பருப்பு வரத்தையும் உளுந்து விலையையும் எழுத வேண்டிய பக்கத்தில் வீடியோ எடிட்டிங் பற்றி எழுதுகிறோமே என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. கடை திறப்பு விழா, தீபாவளி விற்பனை, புது மசாலா அறிமுகம் என்று எதற்கும் இப்போது ஒரு வீடியோ தேவைப்படுகிறது. செல்போனில் எடுத்து, வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்காத கடை குறைவு. கடைப் பையன்களும் வீட்டுப் பிள்ளைகளும் இந்த வேலையைச் செய்கிறார்கள். "பாதி வேலையில் புரோகிராம் தானாக மூடிக்கொள்கிறது, புது கம்ப்யூட்டர் வாங்கச் சொல்கிறார்கள்" என்ற புலம்பலைச் சங்கக் கூட்டத்துக்கு வரும் அன்பர்கள் பலரிடம் கேட்கிறோம்.

நமக்கும் அந்த அனுபவம் வந்தது. பள்ளிப் படிப்போடு தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் நாம். கம்ப்யூட்டர் நமக்குப் பிறவிப் பழக்கம் அல்ல. ஆனாலும் 40 ஆண்டு மொத்த வியாபாரத்தில் கற்ற வழக்கங்களே அந்தச் சிக்கலைத் தீர்க்க உதவின. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

பொன்விழாவில் எடுத்த படம்

2024-ல் நமது சங்கத்தின் பொன்விழா நடந்தது. ஸ்டூடியோக்காரர் இரண்டு கேமராவில் முழு நிகழ்ச்சியையும் 4கே தரத்தில் எடுத்தார். அன்று நமது மூத்த அண்ணாச்சி ஒருவர் மேடையேறி 18 நிமிடம் பேசினார். சைக்கிளில் மூட்டை கட்டிக் கிராமம் கிராமமாக மல்லியும் மிளகாயும் வாங்கி வந்த காலத்திலிருந்து தொடங்கிப் பேசினார். இரண்டு மாதத்தில் அண்ணாச்சி காலமாகிவிட்டார்.

அவர் மகன் நமது கடைக்கு வந்தார். "சித்தப்பா, அப்பா கடைசியா மேடையில பேசுனது அதுதான். படத்திறப்பு அன்னைக்கு எல்லாரும் பார்க்கிற மாதிரி ஒரு பத்து நிமிஷப் படம் பண்ணிக் கொடுக்கணும்" என்றார். மறுக்க முடியுமா? ஒப்புக்கொண்டோம். இருந்தது ஒன்பது நாள்.

பி.காம். படிக்கும் நமது பேரன் வேலையை ஏற்றுக்கொண்டான். ஸ்டூடியோவிலிருந்து ஃபைல்களை பென் டிரைவில் வாங்கி வந்தான். 64 துண்டுகள் இருந்தன. நமது கடையின் பில் போடும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தான். 2018-ல் வாங்கியது, 8 ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. அன்று மாலைக்குள் புரோகிராம் பதினொரு முறை மூடிக்கொண்டது. மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் கம்ப்யூட்டரே அணைந்துபோய், கணக்கு புரோகிராமைத் திறக்கவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட வேண்டிய நேரம் வேறு. கணக்குப்பிள்ளை முகம் வெளுத்துவிட்டார்.

"தாத்தா, இந்த சிஸ்டம் தாங்காது. புதுசுதான் வாங்கணும்" என்றான் பேரன். விசாரித்த இடத்தில் ஒன்றரை லட்சம் சொன்னார்கள்.

"தம்பி, லாரி வழியில நின்னா உடனே புது லாரியா வாங்குறோம்? டீசல் இருக்கா, டயர் சரியா இருக்கா, பாரம் அதிகமான்னு பார்க்க மாட்டோமா?" என்று கேட்டோம். அன்றிரவு இருவரும் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

பாரம் எவ்வளவு என்று முதலில் கணக்குப் போடுங்கள்

பேரனிடம் முதலில் கேட்டது, "ஒரு படத்துக்கு எவ்வளவு எடை?" என்பதுதான். அவன் சொன்ன கணக்கை இங்கே தருகிறோம்.

படம் என்பது சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது. அதைப் பிக்சல் என்கிறார்கள். சாதாரண ஃபுல் எச்டி படம் அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள். மொத்தம் 20,73,600. 4கே என்பது 3840-க்கு 2160. மொத்தம் 82,94,400. ஆக, பெயரில் இரண்டு மடங்கு போலத் தெரிந்தாலும் பாரம் நான்கு மடங்கு.

ஒரு புள்ளிக்கு மூன்று நிறம், நிறத்துக்கு ஒரு பைட் என்று வைத்தால் ஒரே ஒரு படம் சுமார் 25 எம்பி. நொடிக்கு 25 படம் ஓடினால் நொடிக்கு 620 எம்பிக்கு மேல் ஆகிறது. எடிட்டிங் புரோகிராம்கள் சில, நிறம் மாற்றும்போது துல்லியம் வேண்டி ஒரு புள்ளிக்கு 16 பைட் எடுத்துக்கொள்ளும். அப்போது ஒரே படம் 133 எம்பி. எட்டுப் படம் சேர்ந்தால் 1 ஜிபி தாண்டிவிடும். 8 ஜிபி ராமில் விண்டோஸுக்கும் கணக்கு புரோகிராமுக்கும் போக மிச்சம் எவ்வளவு என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். அடோபி நிறுவனம் தனது பிரீமியர் புரோவில் 4கே வேலை செய்ய 32 ஜிபி ராம் வைத்துக்கொள்ளச் சொல்லியிருப்பதும் இதனால்தான்.

பேரேட்டு ரகசியம்

"நொடிக்கு 620 எம்பி என்றால், ஒரு மணி நேர விழா எப்படி ஒரு சின்ன கார்டில் அடங்கியது?" என்று அடுத்துக் கேட்டோம். அதில்தான் விஷயமே இருக்கிறது.

கேமரா எல்லாப் படத்தையும் முழுதாக எழுதுவதில்லை. ஒரு படத்தை முழுதாக எழுதிவிட்டு, அடுத்தடுத்த படங்களில் என்ன மாறியதோ அதை மட்டும் எழுதுகிறது. எச்.264, 2013-ல் வந்த எச்.265 ஆகிய சுருக்கு முறைகள் இப்படித்தான் வேலை செய்கின்றன. இம்முறையைக் கோடெக் என்பார்கள். அதனால் நொடிக்கு 100 மெகாபிட்டில், அதாவது 12.5 எம்பியில், காரியம் முடிகிறது. ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி.

நமது நாள்வழிக் குறிப்பேடும் இப்படித்தானே? மாதத் தொடக்கத்தில் இருப்பை எழுதுகிறோம். பிறகு வரவு, பற்று மட்டும். 17-ஆம் தேதி இருப்பு வேண்டும் என்றால், ஒன்றாம் தேதியிலிருந்து கூட்டிக் கழித்து வர வேண்டும். தொடர்ந்து படித்துக்கொண்டே போனால் சிரமம் தெரியாது. "17-ஆம் தேதி காட்டு, 4-ஆம் தேதி காட்டு, திரும்ப 23 காட்டு" என்று ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தால் கணக்குப்பிள்ளை என்ன ஆவார்?

வீடியோவைச் சும்மா பார்ப்பதற்கும் எடிட் செய்வதற்கும் உள்ள வித்தியாசம் இதுவே. பார்க்கும்போது தடையின்றி ஓடும் படம், எடிட் செய்யும்போது ஏன் கம்ப்யூட்டரைக் கீழே தள்ளுகிறது என்பது நமக்கு அப்போதுதான் விளங்கிற்று. எச்.265-ல் சுருக்கம் அதிகம், பிரிக்கும் உழைப்பும் அதிகம். நமது விழாப் படமோ 10 பிட், 4:2:2 என்ற உயர்ந்த நிற அளவில் எடுத்தது. பழைய கம்ப்யூட்டர்களில் இதைப் பிரிப்பதற்கென்று தனிப் பகுதி இருப்பதில்லை. எல்லாச் சுமையும் பிராசஸர் தலையில் விழும்.

எப்போது மூடுகிறது? நான்கு கேள்விகள்

"மூடிக்கொள்கிறது" என்று பொதுவாகச் சொன்னால் வைத்தியம் சொல்ல முடியாது. காய்ச்சல் காலையிலா மாலையிலா என்று டாக்டர் கேட்பதில்லையா? நாமும் நான்கு விதமாகப் பிரித்துக்கொண்டோம். அன்பர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று: திறந்தவுடனே மூடுகிறதா? அப்படியானால் வீடியோவின் மேல் குற்றம் இருக்க வாய்ப்புக் குறைவு. பிறகு சேர்த்த பிளக்-இன், கிராபிக்ஸ் டிரைவர், புரோகிராமின் பழைய செட்டிங் இவற்றில் ஒன்றாக இருக்கும். பிளக்-இன்களை எடுத்துவிட்டுத் திறந்து பாருங்கள். டிரைவரைத் தயாரிப்பாளரின் இடத்திலிருந்தே புதுப்பியுங்கள். என்விடியா கார்டு உள்ளவர்களுக்கு, இத்தகைய வேலைக்கென்றே 2019 முதல் ஸ்டூடியோ டிரைவர் என்று தனியாகத் தருகிறார்கள். புது டிரைவர் போட்ட பிறகுதான் தொல்லை தொடங்கியது என்றால் பழையதற்கே திரும்புங்கள்.

இரண்டு: ஒரே இடத்தில் மட்டும் மூடுகிறதா? அந்த இடத்தில் உள்ள துண்டையோ, அதன் மேல் போட்ட எஃபெக்டையோ, எழுத்தையோ சந்தேகப்படுங்கள்.

மூன்று: இடம் எதுவானாலும், கொஞ்ச நேரம் வேலை செய்தபின் மூடுகிறதா? ராம் நிரம்புகிறது, கிராபிக்ஸ் நினைவகம் நிரம்புகிறது, அல்லது சூடு. விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்தால், மூடுவதற்கு முன் எது உச்சத்துக்குப் போகிறது என்று தெரியும். ஹார்ட்வேர் ஆக்சலரேஷன் என்ற வசதியை நிறுத்திப் பாருங்கள். வேகம் குறையும். ஆனால் மூடாமல் ஓடினால் கோளாறு கிராபிக்ஸ் பக்கம் என்று உறுதியாகிவிடும்.

நான்கு: வேலையெல்லாம் முடிந்து, கடைசியில் எக்ஸ்போர்ட் செய்யும்போது மட்டும் மூடுகிறதா? முதலில் டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். நேராகப் பென் டிரைவுக்கு எக்ஸ்போர்ட் செய்யும் வழக்கம் வேண்டாம். ஃபேட்32 முறையில் உள்ள பென் டிரைவில் 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைல் நிற்காது. இவை சரியாக இருந்தும் நின்றால், படத்தை இரண்டு மூன்று பகுதியாக எக்ஸ்போர்ட் செய்து பிறகு சேர்க்கலாம். எந்தப் பகுதி நிற்கிறதோ குற்றம் அங்கே.

இன்னொரு முக்கிய வேறுபாடு உண்டு. புரோகிராம் மட்டும் மூடுவது வேறு. கம்ப்யூட்டரே பட்டென்று அணைவது வேறு. அணைந்தால் பெரும்பாலும் சூடு அல்லது மின்சாரம். விண்டோஸின் ஈவண்ட் வியூவரில் ஒவ்வொரு விபத்தும் நேரத்தோடு பதிவாகியிருக்கும். எந்தப் பகுதியில் தவறு என்ற பெயரும் பல சமயம் இருக்கும். அதைப் படித்துவிட்டு மெக்கானிக்கிடம் போனால் அவரும் நம்மை ஏமாற்ற முடியாது.

நாம் கண்டுபிடித்தது என்ன?

நமது கம்ப்யூட்டரில் ஒன்றல்ல, மூன்று குற்றம் இருந்தது. அதனால்தான் பிள்ளை குழம்பிப் போனான்.

முதலாவது இடம். எடிட்டிங் புரோகிராம் தனது வேலைக்காகத் தற்காலிக ஃபைல்களை எழுதிக் குவித்துக்கொண்டே இருக்கும். அதற்குக் கேஷ் என்று பெயர். பேரன் "தாத்தா, கேஷ் நிறைஞ்சு போச்சு" என்றபோது கல்லாவைத்தான் திரும்பிப் பார்த்தோம்! சி டிரைவில் மிச்சம் இருந்தது 3 ஜிபி. கிட்டங்கி நிரம்பி வழியும்போது இன்னொரு லோடை எங்கே இறக்குவது? புரோகிராமின் உள்ளேயே கேஷை அழிக்கும் வசதி இருக்கிறது. அதன் வழியாக மட்டும் அழித்தோம். பிறகு கேஷ் இருக்கும் இடத்தை வேறு டிஸ்குக்கு மாற்றினோம். இடம் வேண்டும் என்று கண்ட ஃபோல்டரை அழித்தால் கணக்கு டேட்டாவும் சேர்ந்து போய்விடும், ஜாக்கிரதை.

இரண்டாவது தூசி. இது நம் போன்ற கடைகளுக்கே உரிய வியாதி. பின்னால் திறந்து பார்த்தால் ஃபேன் முழுக்க மைதா மாவும் சாக்குச் சணலும் மிளகாய்த் தூளும் சேர்ந்து அப்பளம் போல ஒட்டியிருந்தது. காற்று எங்கே போகும்? பெரும்பாலான பிராசஸர்கள் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். மேலும் சூடானால் அணைந்துவிடும். பில் போடுவது லேசான வேலை, அதனால் இத்தனை நாள் தெரியவில்லை. 4கே வேலை வந்ததும் வெளிப்பட்டது. மின் இணைப்பை எடுத்துவிட்டு, ஃபேன் இறக்கை சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு, காற்றடித்துச் சுத்தம் செய்தோம். அதன்பின் கம்ப்யூட்டர் ஒரு முறைகூட அணையவில்லை.

இவ்வளவும் செய்த பிறகும் புரோகிராம் மூடியது. ஆனால் இப்போது ஒரு மாற்றம். முன்பு கண்ட இடத்தில் மூடியது, இப்போது ஒரே இடத்தில் மூடியது. நமக்கு அதுவே நல்ல சகுனமாகப் பட்டது. மற்ற இரண்டும் விலகி, மூன்றாவது குற்றம் தனியாக நிற்கிறது என்று பொருள்.

ஐந்தொகை இடிக்கும்போது நமது கணக்குப்பிள்ளை ஒரு வேலை செய்வார். பேரேட்டைப் பாதியாகப் பிரித்து, முதல் பாதியில் பிழையா இரண்டாம் பாதியில் பிழையா என்று பார்ப்பார். பிழை உள்ள பாதியை மறுபடி பாதியாக்குவார். அதையே செய்தோம். 64 துண்டில் 32-ஐ எடுத்துவிட்டு ஓட்டினோம். பிறகு 16, 8, 4, 2 என்று குறைத்தோம். ஆறே சோதனையில் குற்றவாளி கிடைத்தது.

அது அண்ணாச்சி பேசிய துண்டு.

அதைச் சாதாரண பிளேயரில் ஓட்டிப் பார்த்தோம். 11-வது நிமிடத்தில் அண்ணாச்சி முகம் கட்டம் கட்டமாக உடைந்து, பச்சையும் ஊதாவுமாகச் சிதறி, பிறகு சரியாயிற்று. பிளேயர் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடும். எடிட்டிங் புரோகிராமோ அந்த உடைந்த படத்தைப் பிரிக்க முயன்று விழுந்துவிடுகிறது.

மூலமே கெட்டதா, நகல் கெட்டதா?

இரவு பத்து மணி இருக்கும். ஸ்டூடியோக்காரருக்குப் போன் போட்டோம். "மூலம் இன்னும் என் ஹார்ட் டிஸ்க்ல இருக்கு அண்ணாச்சி. ஆனா முகூர்த்த சீசன், இடமே இல்ல. நாளைக்குப் பழசையெல்லாம் அழிக்கலாம்னு இருந்தேன்" என்றார். நமக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. "தயவு செய்து கை வைக்காதீர்கள், காலையில் வருகிறோம்" என்றோம்.

விடிந்ததும் பேரனும் நாமும் போனோம். இரண்டு ஃபைலும் அளவில் ஒன்றுதான். ஒரு பைட் கூடக் குறைவில்லை. அளவு சரியாக இருந்தால் சரக்கும் சரியாக இருக்கும் என்று நம்பலாமா? மூட்டை எடை 50 கிலோ சரியாக இருந்தாலும் உள்ளே பருப்பா கல்லா என்று ஊசி குத்திப் பார்க்கிறவர்கள் அல்லவா நாம்? கம்ப்யூட்டரிலும் அதற்கு வழி இருக்கிறது. ஃபைலின் எல்லாப் பைட்டையும் எடுத்துக் கணக்கிட்டு ஒரு முத்திரை எண் தரும் முறை. ஹாஷ் என்கிறார்கள். விண்டோஸிலேயே செர்ட்யூட்டில் என்ற கட்டளையால் இதைப் பார்க்கலாம். உள்ளே ஒரு பைட் மாறியிருந்தாலும் எண் மாறிவிடும்.

நமது நகலின் எண் ஒன்று. ஸ்டூடியோ மூலத்தின் எண் வேறு. ஆக மூலம் நல்லது, வந்த வழியில் சரக்கு கெட்டது. மலிவு விலைக்கு வாங்கிய அந்தப் பென் டிரைவ்தான் நமக்கு நட்டக்கணக்கு எழுதியது. நல்ல ஹார்ட் டிஸ்கில் நேராக நகல் எடுத்து, எண்ணை ஒப்பிட்டு, ஒத்துப்போன பிறகே எழுந்தோம். அந்த நிமிடமே இன்னொரு டிஸ்கிலும் ஒரு நகல். ஒருநாள் தாமதித்திருந்தால் ஒன்றரை லட்சத்துக்குப் புது கம்ப்யூட்டர் இருந்திருக்கும். அண்ணாச்சியின் பேச்சு இருந்திருக்காது.

மாதிரி பார்த்து வியாபாரம்

குற்றம் தீர்ந்தாலும் பாரம் குறையவில்லை. 8 ஜிபி ராமில் 4கே நகர்ந்தது, ஓடவில்லை. இதற்கும் பேரன் ஒரு வழி சொன்னான். கேட்டதும் சிரித்துவிட்டோம். நாம் வாழ்நாள் முழுக்கச் செய்கிற தொழில்தான் அது.

மொத்த வியாபாரத்தில் நூறு மூட்டையையும் மேசையில் கொட்டியா விலை பேசுகிறோம்? ஒரு பொட்டலம் மாதிரி வரும். கையில் தேய்த்துப் பார்த்து, பேசி முடிக்கிறோம். முடிந்த பிறகே லோடு கிளம்புகிறது. வீடியோவில் அந்த மாதிரிக்குப் பெயர் பிராக்ஸி. ஒவ்வொரு பெரிய ஃபைலுக்கும் சிறிய அளவில், எளிதாகப் பிரிக்கக்கூடிய ஒரு நகலைப் புரோகிராமே செய்துகொள்ளும். வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் அந்த மாதிரியில். கடைசியில் எக்ஸ்போர்ட் செய்யும்போது மட்டும் அது மூல ஃபைலை எடுத்துக்கொள்ளும். படத்தின் தரம் குறையாது. பிரீமியர் புரோ, டாவின்சி ரிசால்வ் போன்றவற்றிலும், இலவசமாகக் கிடைக்கும் ஷாட்கட், கேடென்லைவ் ஆகியவற்றிலும் இவ்வசதி உண்டு.

இதில் ஒரே ஒரு நிபந்தனை. வேலை நடக்கும்போது மூல ஃபைலின் பெயரை மாற்றக் கூடாது, இடம் மாற்றக் கூடாது. பில்லில் ஒரு லாரி நம்பர், வந்து நிற்பது வேறு லாரி என்றால் வாகனச் சோதனையில் என்ன ஆகும்? அதே கதைதான்.

இன்னொரு வழியும் உண்டு. ஆப்பிளின் புரோரெஸ், அவிட் நிறுவனத்தின் டிஎன்எக்ஸ்எச்ஆர் போன்ற கோடெக்குக்கு மாற்றிக்கொள்வது. இவற்றில் ஒவ்வொரு படமும் முழுதாக எழுதப்படுகிறது. தினமும் இருப்பைக் கட்டி எழுதிய பேரேடு போல. எந்தத் தேதியையும் உடனே பார்க்கலாம். ஆனால் நோட்டு பெரிதாகும். டிஸ்க் இடம் பல மடங்கு வேண்டும்.

செல்போன் வீடியோவில் ஒரு தனித் தொல்லை. பல போன்கள் நொடிக்கு இத்தனை படம் என்று ஒரே சீராக எழுதுவதில்லை. வெளிச்சத்தையும் சூட்டையும் பொறுத்துக் கூடும், குறையும். மூட்டைக்கு மூட்டை எடை மாறுகிற லோடு போல. எடிட்டிங்கில் வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போவதும், புரோகிராம் திணறுவதும் இதனால் வரலாம். ஹேண்ட்பிரேக் என்ற இலவச புரோகிராமில் சீரான ஃபிரேம் ரேட் என்ற வகையைத் தேர்ந்தெடுத்து மாற்றிவிட்டுப் பிறகு எடிட் செய்தால் சரியாகும்.

அன்பர்கள் கடைப்பிடிக்க வேண்டியவை

பட்ட அனுபவத்தில் நமது கடையில் சில விதிகளை வைத்திருக்கிறோம்.

1. கணக்கு கம்ப்யூட்டரில் வீடியோ வேலை கூடாது. அணையும் ஒவ்வொரு முறையும் ஆபத்தில் இருப்பது படம் மட்டும் அல்ல, பேரேடும்தான். வேறு வழியில்லாவிட்டால், கணக்கு டேட்டாவை வெளியில் நகல் எடுத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

2. தேவை பார்த்துத் தரம். ஸ்டேட்டஸில் போடும் விளம்பரத்துக்கு 4கே வேண்டியதில்லை. அங்கே அனுப்பும்போது அதுவே சுருக்கிவிடுகிறது. போனில் 1080, நொடிக்கு 30 படம் என்று வைத்து எடுத்தால் போதும். கால் கிலோ கேட்பவருக்கு மூட்டையை அவிழ்க்க வேண்டாம்.

3. மூலம் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். ஒத்துப்பார்க்காத நகலை நகல் என்று சொல்லக் கூடாது. ஒத்துப்பார்க்கும் வரை கார்டையோ பழைய டிஸ்கையோ யாரும் அழிக்கக் கூடாது.

4. பென் டிரைவ் சரக்கு சுமக்கும் வண்டி, கிட்டங்கி அல்ல. அதிலிருந்து நேராக எடிட் செய்யாமல், உள்ளே உள்ள எஸ்.எஸ்.டி. டிஸ்கில் போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

5. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகச் சேமிக்கும் வசதியைப் போட்டு வையுங்கள். தினமும் புது எண்ணிட்டு ஒரு நகல் சேமியுங்கள். இன்றையது கெட்டால் நேற்றையது இருக்கும்.

6. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். நாலையும் ஒன்றாக மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது. அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

7. இவ்வளவும் பார்த்த பிறகும் போதவில்லை என்றால் செலவு செய்யுங்கள். அப்போதும் முதலில் ராம், பிறகு எஸ்.எஸ்.டி., கடைசியில்தான் புது கம்ப்யூட்டர். நாம் ராம் மட்டும் கூட்டினோம். அதே பெட்டி இன்றும் பில் போடுகிறது.

படத்திறப்பு அன்று

பேரன் நாள் தவறாமல் படத்தை முடித்தான். எட்டாம் நாள் இரவு எக்ஸ்போர்ட் ஓடி முடிந்தபோது நாமும் தூங்காமல் பக்கத்தில் இருந்தோம். ரிட்டர்னும் 20-ஆம் தேதிக்கு முன்பே போயிற்று.

படத்திறப்பில் திரை கட்டிக் காட்டினோம். 11-வது நிமிடத்தில் உடைந்து சிதறிய இடம் இருந்ததே, அதில் அண்ணாச்சி என்ன பேசினார் என்பதை நாம் அன்றுதான் முழுதாகக் கேட்டோம். ஆரம்ப காலத்தில் ஒரு விதவைத் தாய்க்கு எடை தவறிக் குறைத்துக் கொடுத்துவிட்டதாகவும், இரவு கணக்குப் பார்க்கும்போது தெரிந்து, மறுநாள் ஆறு மைல் சைக்கிள் மிதித்துக் கால் படி பருப்பைக் கொண்டு போய்க் கொடுத்ததாகவும் சொன்னார். அவர் மனைவி முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கதை அந்த அம்மாளுக்கே தெரியாதாம். கணக்கைத் திரும்பப் பார்க்கிற வழக்கம் அண்ணாச்சிக்கு அன்றே இருந்தது. அதே வழக்கம்தான் அவர் குரலையும் காப்பாற்றிக் கொடுத்தது.

அந்த ஃபைல் இப்போது சங்க அலுவலகத்தில் ஒன்று, அண்ணாச்சி வீட்டில் ஒன்று, நமது கடைப் பீரோவில் ஒன்று என மூன்று இடத்தில் இருக்கிறது. மூன்றின் முத்திரை எண்ணும் ஒன்றே. மற்ற அன்பர்களிடமும் பழைய விழாப் படங்கள், பெரியவர்களின் பேச்சுகள் இருக்கும். இந்த வாரமே எடுத்து ஒருமுறை முழுதாக ஓட்டிப் பாருங்கள். கெட்டது தெரிந்தால் மூலம் யாரிடம் இருக்கிறது என்று உடனே விசாரியுங்கள். இதில் அனுபவம் உள்ளவர்கள் தங்கள் அனுபவத்தையும் இந்த இதழுக்கு எழுதி அனுப்பினால் எல்லோருக்கும் பயன்படும்.

வாழ்க வணிகம்!